வாய்தா நாளும் ஆட்ட நாளும்

கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஆட்டத்தன்று ஜுரம் வரக்கூடாது, கல்யாணம் வரக்கூடாது, சாவு வரக்கூடாது. எனக்கு சிவில் வழக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கம்பெனி அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த கீழ்ப் போர்ஷன் தன் மகனுக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவால் ஒரு படிகூட ஏற முடியாது. கீழ்வீடு கைவிட்டுப் போனால் என் சம்பளத்துக்கு மாடிதான் கிடைக்கும். கோர்ட் வராந்தாவில் தூணோடு தூணாக நின்று கால் மரத்துப்போனவர்களுக்கு மீதியை நான் விளக்க வேண்டியதில்லை.

சம்மன்

சம்மன் கொண்டுவரும் கோர்ட் அமீனா வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் பயிற்சியில் இருந்தேன். கடைசியில் அவர் அடையாறு மைதானத்துக்கே வந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இடைவேளை விசில் ஊதியதும் நேராக என்னிடம் வந்து சம்மனை நீட்டினார். எல்லோரும் பார்க்கிறார்களே, வீட்டில் வந்து தரக்கூடாதா என்றேன்.

"வூட்டாண்ட வந்தா நீ கீறதே இல்ல நைனா. இங்க சுத்தி கோடு போட்டு வச்சிக்கீறாங்கோ, தாண்டிப் போவ மாட்டியே."

ஜுரம்

விசாரணை குறித்த நாளில் லீக் ஆட்டம் வந்தது. ஆட வராவிட்டால் வேலையை மறந்துவிடு என்றார் மானேஜர். என் மயிலாப்பூர் வக்கீல் அலட்டிக்கொள்ளவில்லை. தெரிந்த டாக்டரிடம் எனக்கு ஜுரம் என்று சர்ட்டிபிகேட் வாங்கி, விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லி வாய்தா கேட்டார், கிடைத்தது. அன்று மாலை நான் ஒரு கோல் போட்டேன். ஆட்டத்துக்கு ரேடியோவில் நேர்முக வர்ணனை உண்டு என்பதை இருவருமே மறந்துவிட்டோம். நீதிபதிக்குக் கால்பந்துப் பைத்தியம் என்பதோ எங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வாய்தாவில் என் பெயரைக் கூப்பிட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"ஜுரத்தோடயே அந்த ஓட்டம் ஓடினீரே, உடம்பு நல்லா இருந்திருந்தா இன்னும் எத்தனை கோல் போட்டிருப்பீர்?"

குறுக்கு விசாரணை

அம்மாவின் நிலைமைக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தவரும் அதே டாக்டர்தான். அதை இனி யார் மதிப்பார்கள்? என் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். கூண்டில் ஏறினேன். "போன தெப்பத் திருவிழாவுக்கு உங்க அம்மாவை நீங்கதானே குளத்துக்குக் கூட்டிப் போனீங்க?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல். "ஆமாம்" என்றேன். முதுகில் சுமந்துகொண்டு போனேன் என்று சொல்வதற்குள் நீதிபதி கையை உயர்த்தினார்.

ரெஃப்ரி கையைத் தூக்கினால் ஆட்டக்காரன் வாயைத் திறக்கக்கூடாது. பேச வேண்டியதைக் கேப்டன் பேசுவார். அப்படித்தான் எங்களை அடித்து வளர்த்திருந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வக்கீலைப் பார்த்தேன். அவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அவ்வளவுதான் என்று உட்கார, என்னை இறங்கச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் விஷயத்தைச் சொன்னபோது வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஜட்ஜ் எழுதிக்கறதுக்காகச் சித்த நிறுத்தச் சொன்னார்டா. முதுகுல தூக்கிண்டு போனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆத்தைக் காப்பாத்தியிருக்கலாமே."

காலி செய்த நாள்

அம்மாவால் நடமாட முடிகிறது, ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்பீலுக்கு எனக்குத் தெம்பும் இல்லை, வழியும் இல்லை. ஒரு சந்தில் இரண்டாம் மாடி கிடைத்தது. சாமான்கள் போன பிறகு அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். என் சட்டைக் காலர் நனைந்துகொண்டே வந்தது. வீட்டுக்காரருக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன். அவரே வந்து கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"அம்மாவைப் பைய பாத்துக் கொண்டு போங்க தம்பி. ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு ஒரு பாஸ் கெடைக்குமா? உங்க ஆட்டத்தைப் பாக்கணும்னு மவன் ரொம்ப ஆசைப்படுதான்."

இரண்டாம் மாடிக்கு அம்மாவைத் தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன என் முழங்கால்களைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரராக இருந்திருப்பீர்கள் என்று டாக்டர்கள் மெச்சுகிறார்கள்.