தும்பைப்பூவுக்குப் பின்னால் நின்றவள்

இன்று தேரடி வீதியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப்போனேன். முன்னால் தும்பைப்பூ, பின்னால் என் மகள் செல்வி.

எண்பதுகளில் எடுத்தது. மெட்ராஸ்காரர் ஒருத்தர் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில், எங்கள் வயல் வரப்பில் குப்புறப் படுத்துப் பூவைப் படம் பிடித்தார். காற்றில் ஆடாமல் செடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் செல்விக்குத் தலைவாரி, மஞ்சள் பாவாடை கட்டி, செடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் பிடித்தேன்.

"சார், எம்பொண்ணும் படத்துல வுழுவாளா?"

"விழுவாம்மா, விழுவா. நீங்க செடிய ஆட்டாதீங்க."

படம் தபாலில் வந்தபோது செல்வி இல்லை. காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படமும் கிடையாது. இதில் பூ மட்டும் தெளிவு. அவள் நின்ற இடத்தில் மஞ்சளாய் ஒரு கலங்கல்.

அந்த ஆளுக்கு இடது காதோரம் மச்சம். இன்று எதிரில் வந்தாலும் அடையாளம் சொல்வேன். செல்வி முகம்தான் இப்போது பிடிபடுவதில்லை. அதற்காகத்தான் போனேன்.

ஸ்டுடியோக்காரர் படத்தை கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். "ஸ்டாண்டு இல்லாம கையிலயே புடிச்சு எடுத்திருக்காரும்மா. பூவுல இருக்கற முடிகூட தெரியுது பாருங்க!"

"பூவ நான் பெக்கலப்பா. பொண்ணக் காட்டு."

"இவ்ளோ கிட்ட எடுத்தா பின்னால இருக்கறது தெளிவா பதியாதும்மா. கம்ப்யூட்டரு ஒரு மூஞ்சி போட்டுத் தரும். ஆனா அது உங்க பொண்ணு மூஞ்சியா இருக்காது."

வேண்டாம் என்று போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

படத்தை இந்தப் பதிவுக்குக் கீழே போட்டிருக்கிறேன். பூ அழகாக இருக்கிறது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.