பதினாறு, புதன்கிழமை

சட்டைப் பையில் ஹால் டிக்கெட் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, கல்லூரியிலிருந்து சிவகாசிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. தேர்வு அறை வாசலில் மேற்பார்வையாளர் சொன்னதுதான் காதில் நின்றது: "இந்தப் பேப்பரு நேத்தே முடிஞ்சிருச்சு. இன்னைக்குப் பதினேழு தம்பி."

அந்த அரியரில் தேறினால்தான் வளாக நேர்காணலில் உட்கார விடுவார்கள். அதற்காக எங்கள் துறைத் தலைவர் ஒரு தாளில் கட்டம் போட்டு, படிப்புக்குச் சிவப்பு, நேர்காணல் பயிற்சிக்குப் பச்சை, ஓய்வுக்கு நீலம் தீட்டிக் கொடுத்திருந்தார். "எல்லாருக்கும் இருபத்துநாலு மணி நேரந்தான்" என்பார். நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனிக்கு அதில் நிறமே இல்லை. நீலத்தை எடுத்து அங்கே கொடுத்தேன்.

சீசனில் அடுத்த ஆண்டின் தினக் காலண்டர் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்குவது என் வேலை. தேர்வு மாதமான நவம்பரின் தாள்கள் பல நாளாகக் கையில் புரண்டன. பதினாறு என்றால் புதன். அது அடுத்த ஆண்டின் புதன் என்று சொல்ல வேண்டிய தலை, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. ஹால் டிக்கெட்டில் கிழமை இருக்காது. நடப்பு ஆண்டுக் காலண்டர் ஒன்றுகூடக் கம்பெனிக் கொட்டகையில் கிடையாது. செவ்வாயன்று, தேர்வு நடந்த அதே நேரத்தில், எதிரே தாள் அடுக்கிய அக்காவிடம், "நாளைக்குப் பரீட்சை, வர மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆபீசர் ஆயிட்டா எங்கள மறந்துராதலே" என்றாள்.

கல்லூரியை விட்டுக் கிளம்புமுன் துறைத் தலைவரையும் பார்த்தேன். "நேரத்தை நிர்வகிக்கத் தெரியலையேப்பா" என்றார். அவர் சுவரில் போன சீசனில் நாங்கள் அடுக்கிய காலண்டர் தொங்கியது. தேதியைச் சரியாகக் கிழித்திருந்தார்.

அந்தப் பேப்பரை மறுபடி எழுதவில்லை, பட்டம் வாங்கவில்லை. பிறகு திருப்பூர், சூரத், எத்தனையோ ஊர். இன்றும் டீக்கடைக் காலண்டரை நான் நம்புவதில்லை. கடைக்காரரிடம் கிழமையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வைத் தவறவிட்டுத் திரும்பிய மறுநாள் காலை முழுநேர ஆளாகக் கம்பெனி வேனில் ஏறினேன். நடந்ததைச் சொன்னதும் அக்கா, "அடுத்த வருசத்துப் பரிச்சைக்கு இப்பமே போயிட்டு வந்துட்டியாக்கும்?" என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

படித்த பையன் என்று மேனேஜர் என்னைச் சரிபார்க்கும் மேசையில் போட்டார். தேதிக்கேற்ற கிழமை அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி தப்பாமலிருக்க ஒரு தாள் தேவைப்பட்டது. ஹால் டிக்கெட்டை எடுத்து, வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினேன்.

பதினாறு, புதன். சரியாகத்தான் இருந்தது.