எஸ்தரின் கணுக்காலும் என் அவசரச் சாட்சியும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நம் சபையில் நான் சொன்ன ஒரு சாட்சி தவறு. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

கொல்லம் ஆண்டு 1106 (1931), மீன மாதம். என் தங்கை எஸ்தருக்கு ஒன்பது வயது. குளத்துப் படியில் வழுக்கி, கால் மடங்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. அம்மா நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி பேசச் சொன்னாள். நான் தடுத்தேன். ஹைஸ்கூல் முடித்து ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விசுவாசம் தலைக்கேறியிருந்த காலம். "குருத்தோலை ஞாயிறன்று இவள் பவனியில் நடப்பாள்" என்று ஜெபக்கூட்டத்தில் அறிவித்தேன். ஆண்டவருக்கே தவணை வைத்தேன்!

வீக்கம் வடிந்தது. ஞாயிறும் வந்தது.

"அண்ணே, கால ஊன்ற முடியல்ல. வலிக்கி."

"வலிக்கின்னு சொல்லாத ஏட்டி, அது அவிசுவாசம்."

ஓலையைக் கையில் கொடுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். சபையே அழுதது. நான் முன்னால் நின்று சாட்சி சொன்னேன்.

ஓராண்டில் பாதம் உள்பக்கம் திரும்பத் தொடங்கியது. நம் சபைக் கோயிலில் மணியடிப்பவர் வாசலிலேயே சிரித்தார்: "ஏலே மக்கா, ஒனக்க அற்புதம் கோணிக்கிட்டு வருதே!" எஸ்தர் காதிலும் விழுந்தது. அதன்பின் அவள் கோயிலுக்கு வரவில்லை.

பிறகுதான் நெய்யூர் போனோம். டாக்டர் விளக்கினார்: கணுக்காலுக்குச் சற்று மேலே பிள்ளைகளின் எலும்பு வளரும் இடம் இருக்கிறது. அது நசுங்கியிருக்கிறது. உள்பக்கம் வளர்ச்சி நின்றுவிட்டது, வெளிப்பக்கம் வளர்கிறது. அன்றே ஊன்றாமல் கட்டியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

"இவள நடக்க வச்சது யாரு?" என்றார் டாக்டர்.

"நான்" என்றேன். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை.

எலும்பை வெட்டி நிமிர்த்த வேண்டும், சீழ் பிடித்தால் காலே போகலாம் என்றார்கள். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்றேன். மனப்பாடமாக இருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "என் பேருக்காக இல்லை, ஆண்டவரே. அவள் காலுக்காக." அவ்வளவுதான்.

ஆண்டவர் கேட்டார். சீழ் பிடிக்கவில்லை. மாவுக்கட்டைப் பிரித்த நாளில் பாதம் தரையில் தட்டையாகப் படிந்தது. கால் ஒரு விரல் அகலம் குட்டைதான். அது என் அவசரத்தின் அளவு. தினமும் அவள் நடப்பதைப் பார்க்கிறேன். ஸ்தோத்திரம் சொல்கிறேன், வாய் கசக்கிறது.

இப்போது யாருக்கும் நான் நாள் குறிப்பதில்லை. இதை எழுதவா என்று அவளிடம் கேட்டேன்.

"அன்னைக்கும் இப்பிடிக் கேட்டிருக்கலாம் இல்லியா?" என்றாள். பிறகு சொன்னாள்: "எழுது. வலிச்சதையும் எழுது."

எழுதிவிட்டேன். அன்பானவர்களே, அவரை நம்புங்கள். பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால், அதையும் நம்புங்கள்.