மதி என்றால் திரும்பிப் பார்க்கும்

பரமு அண்ணா இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியோடு சேர்ந்து வந்தது. மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு எதிரே பாவா இக்காவின் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நம் தமிழ்த் தெரு மடத்துச் செக்ரட்டரி வைத்தா மாமா குடையை மடக்காமலேயே வாசலில் வந்து நின்று, "டேய், பரமு போயிட்டான். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வந்து சொன்னான். அந்தக் குதிரையை என்ன பண்றது?" என்றார்.

இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சுகூட விடவில்லை. பாவா இக்காதான் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "எந்தா பறஞ்ஞது? நம்முடெ குதிர ஸ்வாமியோ?" என்று கேட்டார். பரமு அண்ணா அவருக்குக் குதிரை ஸ்வாமி. கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாமாவுக்கு அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. குதிரை பெரிய பிரச்சினையாக இருந்தது.

காரியங்கள் முடிந்ததும் தெருக்காரர்கள் நீங்கள் மடத்துக் கூடத்தில் அனுதாபக் கூட்டம் போட்டீர்கள். பரமேஸ்வரன் அடக்கமானவர் என்றார் ஒருவர். நேரம் தவறாதவர் என்றார் இன்னொருவர். எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்று சொல்லி வைத்தா மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரைப் பற்றிப் பேசினீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வேறு யாருக்கோ தயார் செய்த பேச்சு மிச்சம் இருந்தது போலும்.

எனக்குத் தெரிந்த பரமு அண்ணா தன் குதிரை வண்டியை நேரத்துக்குக் கொண்டுவந்ததே கிடையாது. படகு போய்விடும் என்று நீங்கள் வாசலில் நின்று பதறும்போது அவர் குதிரைக்கு நெற்றி சொறிந்துகொண்டிருப்பார். அடக்கமா? வண்டியில் ஏறி உட்கார்ந்த வைத்தா மாமாவை நடுத்தெருவில் வைத்து, "முன்னாடி நகருங்கோ மாமா. பின்னாடி கனத்தா குதிரை ஆகாசத்துல தொங்கும். உங்க தொப்பையைத் தூக்கணும்னு அது வரம் வாங்கிண்டு வரலை" என்றவர் அவர். அந்த மாமாதான் கண்ணைத் துடைத்தார்.

என்னையும் விட்டதில்லை. எர்ணாகுளத்தில் காலேஜ் படிப்பை நான் பாதியில் விட்டபோது தெருவே என்னிடம் துக்கம் விசாரித்தது. அவர் மட்டும், "நல்லதாப் போச்சு. குதிரை நின்னுண்டு தூங்கறது, நீ பெஞ்சுல ஒக்காந்துண்டு தூங்கினே. இனிமே வண்டியில தூங்கு" என்றார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவர் எனக்கு எதுவும் கற்றுத்தரவில்லை. குதிரையைப் பற்றி அவருக்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. லாடம் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற வண்டிக்காரர் அவர் ஒருவர்தான்.

வண்டி ஓட்ட வருவதற்கு முன் அவர் ஒரு மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முதலாளி மோட்டார் கார் வாங்கினார். காரை நிறுத்த இடம் வேண்டுமென்று வண்டிக் குதிரையை வெளியே கட்டினார்கள். அது மழையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. இதை யாராவது ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்று முதலாளி அலுத்துக்கொண்டார். பரமு அண்ணா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார். தொல்லை விட்டது என்று பழைய வண்டியையும் அவர் தலையில் கட்டினார்கள். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அது தனியா இருக்காது" என்றார். இருக்க மாட்டேன் என்று அது சொன்னதா என்ன? அவருக்குத்தான் முடியவில்லை.

மடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த விறகுக் கொட்டகையில் குதிரையைக் கட்டினார். உங்களுக்குப் பொறுக்கவில்லை. பிராமணன் குதிரைச் சாணி அள்ளுவதா என்று பேசினீர்கள். "பசுவோடதைக் கரைச்சு வாசல் தெளிக்கறேள். இதுவும் புல்லைத்தானே தின்னறது? மூக்கைப் பொத்திக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மோந்து பாருங்கோ" என்று கூடையோடு தூக்கிக் காட்டினார். அன்றைக்கு உங்களில் பாதிப் பேர் இரண்டாம் தடவை குளித்தீர்கள்.

குதிரையின் நெற்றியில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. நிலா மாதிரி இருக்கிறது என்று மதி என்று பெயர் வைத்தார். தமிழில் நல்ல பெயர். மட்டாஞ்சேரியில் அதைவிடப் பைத்தியக்காரப் பெயர் கிடையாது. இங்கே மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். மலையாளிகள் மட்டுமா, நாமும் அதைத்தான் சொல்கிறோம். கிடங்கு வாசலில் மூட்டை ஏற்றுகிறவன் "மதி, மதி" என்று கத்தினால் இது தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, வண்டியில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு அவனிடம் போய் நிற்கும். கூப்பிட்டால் வரும் என்பது ஒன்றுதான் அதனிடம் இருந்த நல்ல குணம். அதுவே வினையாக முடிந்தது.

வைத்தா மாமா வீட்டுக் கல்யாணத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மடத்தில்தான் பந்தி நடந்தது. குதிரையை அவிழ்த்து வெளியே தென்னை மரத்தில் கட்டியிருந்தோம். பாயசம் வந்தது. இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, இன்னும் விடட்டும் என்ற ஆசையில், வரிசையாக எல்லோரும் "மதி, மதி" என்றீர்கள். கயிறு அறுந்தது. அது பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்து, கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் மரியாதையாகப் போய் நின்றது. சம்பந்தி பயந்துபோய் இன்னும் பலமாக "மதி!" என்று அலறினார். அவர் சாப்பாட்டை இலையோடு சேர்த்துத் தின்றது.

மறுநாள் மாமா கொட்டகைக்கு வந்தார். "பேரை மாத்து. இல்லேன்னா கொட்டகையைக் காலி பண்ணு" என்றார்.

"எதுக்கு மாத்தணும்?" என்றார் பரமு அண்ணா. "நாம தமிழாளாக்கும், நம்ம பாஷையை விடப்படாதுன்னு மேடை கிடைச்சா பேசறேளே. பந்தியில போறும்னு ஒரு வார்த்தை வரலையா? குதிரைக்குத் தமிழ் தெரியறது. உங்களுக்குத்தான் தெரியலை."

பரமு அண்ணாவை மாமாவால் வெளியேற்ற முடியவில்லை. உங்கள் வீட்டுப் பெண்கள் கோவிலுக்குப் போக அந்த வண்டி வேண்டியிருந்தது. அடுத்த பந்தியிலிருந்து மடத்தில் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டே "போறும், போறும்" என்றீர்கள். மேடைப் பேச்சுகளால் நடக்காத காரியத்தை ஒரு குதிரை செய்தது. அனுதாபக் கூட்டத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

அவருக்கு வாழ்க்கையில் என்ன சந்தோஷம் இருந்தது, பாவம் என்று கூட்டம் முடிந்து போகும்போது யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பாவத்தை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் சவாரி இல்லாத நேரத்தில் பாவா இக்கா கடை முன்னால் வண்டியை நிறுத்துவார். குதிரை பழத்தோல் தின்றுகொண்டிருக்கும். இக்கா கிளாஸில் சாயா ஊற்றுவார். பாதி ஊற்றியதும் இவர், "மதி" என்பார். அங்கே குதிரை தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும். இவர் சிரிப்பார். அவ்வளவுதான். தினமும் இதே.

"பாதி கிளாஸே ஆயுள்ளு ஸ்வாமி. முழுவன் குடிக்கு" என்பார் இக்கா.

"முழுசா ஊத்தின அப்புறம் மதின்னு சொன்னா அது பொய்யாப் போயிடும் இக்கா. கூப்பிட்டது மாதிரியும் இருக்கணும், நிஜமாவும் இருக்கணும்."

குதிரை வந்து தாடையை அவர் தோளில் வைத்துக்கொள்ளும். சட்டை நனைய, இடது கையால் அந்தப் பாதிச் சாயாவைக் குடிப்பார். கார் வைத்திருக்கும் உங்களில் யார் முகத்திலும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். பரமேஸ்வரன் நினைவாக, கொட்டகை இருக்கும் இடத்தில் பெயர் பொறித்த கல்லோடு ஒரு தண்ணீர்க் குழாய். ஆகவே குதிரையை விற்றுவிடுவது. திருப்பூணித்துறையில் இருக்கும் அவர் அக்கா, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். குதிரைக்காரன் ஞாபகத்துக்காகக் குதிரையைத் துரத்துவது என்பது நம் தெருவுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. நான் எழுந்து வேண்டாம் என்றேன். "படிப்பை முடிக்காதவன் பேச்சுக்கெல்லாம் தீர்மானத்தை மாத்த முடியாது" என்றார்கள்.

மறுநாள் காலை இடப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவன் வாங்க வந்தான். குதிரை கொட்டகையை விட்டு நகரவில்லை. அவன் இழுத்தான். மடத்துச் சமையல்காரர் பின்னாலிருந்து தள்ளினார். அது காலை ஊன்றிக்கொண்டது. அவன் ஒரு கம்பை எடுத்து அதன் முழங்காலில் போட்டான். நான் பாய்வதற்குள் வைத்தா மாமா, அடிக்கிறதைப் பார்க்கச் சகிக்காமலோ பட்டு அங்கவஸ்திரத்தில் சேறு தெறித்ததாலோ, "மதிடா! மதி!" என்று கத்திவிட்டார்.

குதிரை கூப்பிட்டவரைப் பார்த்தது. நேராக நடந்து போய், மாமாவின் தோளில் தாடையை வைத்தது.

மாமா அசையவில்லை. கை மெல்ல மேலே போனது. தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். கை குதிரையின் நெற்றியிலிருந்த வெள்ளைப் புள்ளியின் மேல் போய் நின்றது.

"எந்தா ஸ்வாமி, தருந்நோ இல்லயோ?" என்று கேட்டான் வந்தவன்.

மாமா வாயைத் திறந்தார். வந்த வார்த்தையை முழுங்கினார். பிறகு மெதுவாக, தமிழில், "போறும். விட்டுடு" என்றார். அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரும் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். குழாயைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். குதிரை இப்போது சாயாக்கடைக்குப் பின்னால் நிற்கிறது. வண்டியை நான் ஓட்டுகிறேன். உங்களை ஏற்றும்போது முன்னால் நகரச் சொல்கிறேன், கொஞ்சமும் மரியாதை இல்லாமல். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த மதியும், பாதிச் சாயாவும், உங்கள் மேல் இருக்கும் இந்தக் கடுப்பும்.

நேற்று மத்தியானம் இக்கா பாதி ஊற்றியதும் முதல் தடவையாக "மதி" என்றேன். அது தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தது.