அட்டைப் படகில் இரண்டு தீக்குச்சிகள்

மச்சான் காலமான பிறகு, கிள்ளானில் அக்கா வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அந்த அட்டைப் படகு கைக்குக் கிடைத்தது. பிஸ்கட் பெட்டியை வெட்டி, ஓரங்களை நூலால் தைத்து, தையலின் மேல் பசை தடவிய ஒரு முழப் படகு. எண்பதுகளில் எனக்குக் காட்டுவதற்காக மச்சான் செய்தது.

அக்காவின் கணவரான அவருக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை. மரப்பெட்டி ஒன்று சரிந்து விழுந்ததில் வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. அதற்கு முன் ஞாயிறு தவறாமல் சம்பான் படகில் மீன் பிடிக்கப் போனவர். பிறகும் கூட்டாளிகள் கூப்பிடத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. தானே ஏறித் தானே இறங்க கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகைக் கட்ட ஆசைப்பட்டு, பெட்டாலிங் ஜெயாவில் வரைபட வேலை பார்த்த என்னிடம் வந்தார்.

பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் பைபர் துணி ஒட்டுவது அவர் யோசனை; அதன் மாதிரிதான் அந்த அட்டைப் படகு. தட்டையான அடி, நல்ல அகலம், மேலே மூடாமல் திறந்திருக்கும். மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன். நான் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வேறொன்றைக் கத்தரித்து வைத்திருந்தேன். மெல்லிய மெராந்தி மரச் சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி வளைத்த ஒல்லியான கயாக். மேலே மூடி, உட்கார மட்டும் ஒரு சின்னத் துவாரம். அலுவலகத்தில் நாலு பேர் பார்த்து மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

"கால நீட்டி உக்காரணும் தம்பி, அது போதும்லா," என்றார்.

"அதெல்லாம் பிளான்லயே இருக்கு மச்சான்."

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். எட்டு மாதம் வீட்டு முன்புறத்தில் நின்றபடியே இழைத்ததும் ஒட்டியதும் தேய்த்ததும் அவர்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பென்சிலோடு போய்க் குறை சொல்வேன். ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று அவர் கேட்டபோது, வார்னிஷ் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டேன்.

ஈயம் தோண்டித் தண்ணீர் தேங்கிய பழைய குட்டையில் கயாக்கை இறக்கிய அன்று, புதுக் காருக்குச் செய்வதுபோல் அக்கா சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார். நசுக்கச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் போட்டோம். கூட்டாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மச்சான் இடது காலை உள்ளே விட்டார். துவாரத்துக்குள் நுழைய முழங்கால் மடங்க வேண்டும். வலது கால் வெளியிலேயே நின்றது. மூன்று முறை முயன்றார். இரண்டு பேர் அக்குளில் பிடிக்க வந்ததும் வேண்டாமென்று தலையசைத்தார்.

"நீ ஏறு தம்பி. நீ வரைஞ்சதுதானே."

நான் ஏறினேன். மறுக்கக்கூடத் தோன்றவில்லை. குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, கரையில் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் மீன் பிடிக்கப் போகவே இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அளவு தப்பிவிட்டது என்றே இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

அட்டைப் படகை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். உள்ளே ஒட்டிய இரண்டு தீக்குச்சிகள் இன்னும் விழவில்லை. ஒன்று நடுவில் ஒடித்து மடக்கியது. மற்றது நேராக நீட்டியபடி இருந்தது.

"என்னடா அது குச்சி?" என்று அக்கா கேட்டார்.

மச்சானின் கால்கள் என்றேன். இப்போதுதான் கவனித்தாயா என்றார். மச்சான் காட்டிய அன்றே அவற்றைப் பார்த்திருந்தேன்.