இருவருக்கு ஒரு வாக்குமூலம்

மூன்று வருடங்களாகச் சனிக்கிழமைகளில் நான் லண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோவிலிருந்து வடகிழக்கே வால்தம்ஸ்டோவுக்குப் போய்வருகிறேன். அங்கே மாதா கோயில் மண்டபத்தின் பின்னறையில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். எங்கள் சனம் இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த காலத்துக் கடிதங்கள், அகதி விண்ணப்பங்கள், பேசிப் பதிந்து அனுப்பிய கசெற்றுகள் எல்லாவற்றையும் வாங்கி, துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி, பென்சிலால் எண் போட்டுப் பெட்டிகளில் அடுக்குவோம். பெட்டிகள் பிறகு ஓர் ஆவணக் காப்பகத்தின் குளிர் அறைக்குப் போகும்.

இதை எங்களுக்குப் பழக்கியவர் அந்தக் காப்பகத்தில் வேலை செய்யும் ஓர் அமெரிக்கப் பெண். அவருடைய முன்னோர் நோர்வேயிலிருந்து கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர்கள். அப்படிப் போனவர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அங்கே பரம்பரை பரம்பரையாகச் சேர்த்துவைத்திருக்கிறார்களாம். தன் கொள்ளுப்பாட்டன் ஊருக்கு எழுதிய கடிதத்தின் படத்தைக் காட்டினார். பண்ணை செழிப்பாக இருக்கிறது, பசுக்கள் கன்று போட்டிருக்கின்றன என்று அதில் இருந்தது. அந்தக் குளிர்காலம் அவர்கள் மண் குடிசையில் பட்டினி கிடந்தார்களாம். அவர் சொன்ன ஒன்றை நான் குறித்துக்கொண்டேன்: பொய் எழுதியிருந்தாலும் அந்தத் தாளை எறியாதீர்கள், ஏன் பொய் சொல்ல வேண்டிவந்தது என்பதும் அவர்களுடைய வரலாறுதான். அன்று அது எனக்கு நல்ல வாசகமாகத் தெரிந்தது.

போன வருடம் குட்மேய்ஸிலிருந்து ஓர் அக்கா ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். என் கணவருடைய பழைய நண்பரின் மனைவி அவர். நண்பர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் கணவரும் அந்த நண்பரும் லண்டனுக்கு வந்த புதிதில் வால்தம்ஸ்டோவில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அக்காவும் அந்த வீட்டில்தான் இருந்தார். எங்கள் திருமணம் அதற்குப் பல வருடங்கள் கழித்து நடந்தது.

பெட்டியின் அடியில் நண்பரின் அகதி வாக்குமூலம் இருந்தது. வக்கீல் தட்டச்சு செய்த ஆங்கிலப் பிரதி, அதோடு குத்தியிருந்த தமிழ்க் கையெழுத்துப் பிரதி. ஊசியைக் கழற்றும்போதே கண் வரிகளில் ஓடிவிட்டது: 'ஆலையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று நாள் ஒளிந்திருந்தேன். தாகம் தாங்க முடியாமல் ஈரச் சாக்கை வாயில் வைத்து உறிஞ்சினேன்.'

என் கை நின்றுவிட்டது. அது என் கணவரின் கதை. கல்யாணமான முதல் வருடத்தில் அவர் எனக்குச் சொன்னது. அதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாக எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறாள்.

எந்தத் தாளும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. நான் அந்தத் தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். விக்டோரியா லைனில் ஏறி உட்கார்ந்தபோது பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தேன். எதிரே இருந்தவர் என்னைப் பார்த்ததும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறினேன். அவர் சும்மா பார்த்திருப்பார்.

வீட்டில் என் கணவர் இல்லை, விமான நிலையத்தில் காலை ஷிப்ட். அலுமாரியில் இருந்த பைலிலிருந்து அவருடைய வாக்குமூலத்தை எடுத்து இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெயர், பிறந்த திகதி, ஊர், இவை தவிர எல்லாம் ஒன்று. இரண்டு பேரும் ஒரே ஆலையில் ஒளிந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் என்னை நானே தேற்றிப் பார்த்தேன். ஆனால் இரண்டிலும் 'நான் தனியாக இருந்தேன்' என்று எழுதியிருந்தது.

அப்போது எனக்கு அரசாங்கத்தைப் பற்றிய பயம்தான். பொய் சொல்லி வாங்கிய பிரஜாவுரிமையைப் பறிப்பார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். இந்த வீடு, பென்ஷன், பேரப்பிள்ளைகள் எல்லாம் அந்த இரண்டு தாள்களுக்கு மேல் நிற்பதுபோல் இருந்தது.

மூன்று மணிக்கு அவர் வந்தார். நான் தாள்களை மேசையில் வைத்தேன். கோட்டைக் கழற்றாமலே படித்தார்.

"இதை எங்கை எடுத்தனீர்?"

"அக்கா தந்த பெட்டிக்குள்ளை. இது நீங்கள் எனக்குச் சொன்ன கதையல்லோ?"

"அது என்ரை இல்லை. அவன்ரை."

"அப்ப உங்கட கதை என்ன?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் கை நீட்டி ஜன்னலைச் சாத்தினார்.

"எனக்கும் சாக்குத்தான்," என்றார். "ஆனால் என்ரை தலையிலை. கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை."

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும்போது சனத்தை வரிசையில் நடத்திப் போவார்கள். ஜீப்பில் முகம் மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். அப்படிக் கொண்டுபோனவர்களில் திரும்பி வராதவர்கள் நிறைய. தலையாட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தாய்மார் வாசல் கதவை மூடுவார்கள். என் சித்தப்பாவின் மகனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

"அடிச்சவங்கள். நகத்தைப் பாரும்," என்று இடக்கையை நீட்டினார். அது ஆலை இயந்திரத்தில் நசுங்கியது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்.

"ஆட்டினியளோ?"

"ஒருக்கா."

"ஆரைப் பாத்து?"

"தெரியாது. ஒரு பெடியன். நீலச் சேட்டுப் போட்டிருந்தவன்."

எந்த ஊரில் என்று கேட்டேன். சொன்னார். என் சித்தப்பாவின் ஊர் அல்ல. அதற்காக என் மனம் ஆறியது. அப்படி ஆறியதை நினைத்து மறுகணமே வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு சில நாட்கள் அவருக்கே பயந்தேன். தோடம்பழம் உரிக்கும் அவர் விரல்களைப் பார்க்க ஏலாமல் இருந்தது. குசினிக்குள் நான் சமைக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றால் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார். பிறகு வரும்போதெல்லாம் தூரத்திலேயே செருமிக்கொண்டு வந்தார்.

அடுத்த புதன்கிழமை நான் குட்மேய்ஸுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் வாயெடுக்கும் முன்பே அவர் கேட்டார்.

"வாசிச்சிட்டீரே?"

"ஓம் அக்கா. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? ரெண்டையும் நான்தானே எழுதினது. இவருக்குக் கையெழுத்துச் சரியில்லை." அக்கா சிரிக்கவில்லை. "உங்கட மனுசன் வந்து ஒரு கிழமை வாயே திறக்கேல்லை. வக்கீலிட்டைப் போற நாள் வந்திட்டுது. இவர்தான் 'என்ரையை எடு' எண்டு குடுத்தவர். ரெண்டு வக்கீலும் வேறை வேறை எண்டபடியால் தப்பினம்."

"அவர் ஏன் கதைக்கேல்லை எண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

"இவர் கேக்க விடேல்லை. எனக்கு இப்பவும் தெரியாது. நீரும் எனக்குச் சொல்லாதையும் பிள்ளை."

நண்பரின் தாள் காப்பகத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று அக்கா உறுதியாகச் சொன்னார். "அவர் பட்டது உண்மை. அது இருக்கட்டும். நாங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாப்பிறகு ஆரும் வாசிக்கட்டும்."

குறிப்பிட்ட வருடம்வரை யாரும் திறக்க முடியாதபடி ஒரு கோப்பை மூடிவைக்கலாம் என்று அமெரிக்கப் பெண் சொல்லியிருந்தார். அந்தப் படிவத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். சனிக்கிழமை எல்லோருக்கும் முன்பாகப் போய்த் தாள்களைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து என் கணவர் கேட்டார். "ஒரு ஆள் எழுதிக் குடுத்தால் எத்தனை வருசம் பூட்டி வைப்பினம்?"

"சொல்லுற வருசம் வரைக்கும்."

மகளுடைய பழைய கொப்பியிலிருந்து தாள் கிழித்து நான்கு பின்னேரம் எழுதினார். எழுதும்போது நான் தோட்டத்தில் இருந்தேன். ஒரு தடவை ஜன்னலால் பார்த்தபோது பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். உறையை ஒட்டி என்னிடம் தந்தார். வெளியே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வாசிக்க வேணுமெண்டால் வாசியும்."

நான் வாசிக்கவில்லை. அது மரியாதையா, கோழைத்தனமா என்று எனக்குத் தெரியாது. உறை இப்போது அந்தக் குளிர் அறையில் இருக்கிறது. திறக்கும் வருடம் வரும்போது எங்கள் மகளும் இருக்கமாட்டாள்.

அரசாங்கத்தைப் பற்றிய பயம் மெல்லக் குறைந்துவிட்டது. மற்றது, அந்த நீலச் சேட்டுப் பெடியனின் வீட்டார் என் முன்னால் வந்து நிற்பார்களோ என்ற பயம், குறையவில்லை. மண்டபத்துக்கு வருகிறவர்கள் அநேகமாகக் காணாமற்போன ஒருவரின் படத்தோடுதான் வருகிறார்கள். போன சனிக்கிழமை என் வயதில் ஒரு பெண் வந்தார். தம்பியின் படத்தை மேசையில் வைத்தார். சுற்றிவளைப்பில் கொண்டுபோனதாம். தாய் சாகும்வரை அவனுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு. அனுப்ப விலாசம் இல்லாமல் எழுதியவை.

"என்ன உடுத்திருந்தவர் எண்டு ஞாபகமோ?" என்று கேட்டேன். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "வெள்ளைச் சேட்டு. பள்ளிக்கூடத்தாலை வந்த நேரம்."

"எந்த ஊர்?"

அவர் ஊரின் பெயரைச் சொன்னார். என் கணவர் சொன்ன ஊர் அல்ல. படிவத்தில் அந்தப் பெயரை எழுதினேன். பிறகு கடிதக் கட்டின் நூலை அவிழ்த்து, முதல் கடிதத்தை அவருக்கு முன்னாலேயே விரித்தேன்.