டிராமில் ஒரு கட்டைக் குரல்

மாதா கோவில் வாசல் பலகையில் இதை ஒட்டியதற்குச் சாமியார் மன்னிக்க வேண்டும். வேறெங்கே எழுதினாலும் நீங்கள் படிக்கப் போவதில்லை.

பெரிய வெள்ளிக்கு நம் பாடகர் குழு நான்கு குரலில் பாடும் லத்தீன் புலம்பல் இருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிக் குழு ஊரைவிட்டுப் போய்விட்டது. கட்டைக் குரலுக்கு நான் ஒருவன்தான் மிச்சம். துணைக்கு இன்னொருவர் வராவிட்டால் பாட்டே கிடையாது என்கிறார் பாட்டு மாஸ்டர்.

வீட்டில் மனைவி மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். அங்கே பாட முடியாது. அதனால் இன்று காலை மயிலாப்பூர் டிராமில் கம்பியைப் பிடித்து நின்றபடி, வாயை மூடிக்கொண்டு என் பகுதியை முனகிப் பார்த்தேன். அடித்தொண்டையில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் வேலைதான் அது.

எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் வானத்தைப் பார்த்தாள்.

“இன்னாய்யா அது, ஏரோப்ளேன் சத்தமா கீது?”

இரண்டு பேர் ஓடும் டிராமிலிருந்து குதித்துவிட்டார்கள்.

நான் சட்டென்று நிறுத்தினேன். அது இன்னும் மோசம்.

“சத்தம் நின்னுபோச்சு. இப்ப போடப்போறான்,” என்று அவள் கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.

“நான்தாம்மா. கோவில் பாட்டு.”

தலையெல்லாம் மல்லிகையாக என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இதுக்கு அவன் குண்டே போட்டுட்டுப் போவலாம் நைனா.”

ஊரில் மிச்சமிருக்கும் கட்டைக் குரல்காரர்கள் இதன் கீழே பெயர் எழுதுங்கள். இரண்டு பேராகப் பாடினால் டிராமில் உட்கார இடமாவது கிடைக்கும்.